தென்காசி மாடியில் ஒரு காக்பிட்

சீசன் நேரத்தில் குற்றாலத்துக்கு வருகிறவர்கள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு அருவியில் நிற்க வருவார்கள். நான் ஜெட் விமானம் ஓட்டிப் பழக வந்தேன். தென்காசியில் விமான நிலையம் கிடையாது. சிமுலேட்டரும் கிடையாது. ஆனால் ஜமீலா இருந்தாள்.

ஜமீலாவும் நானும் மலேசியாவில் ஒரே பயிற்சிப் பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றவர்கள். அவள் தென்காசிக்காரி. நான் பினாங்கில், பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவள். லைசென்ஸ் வாங்கி இரண்டு வருடம் ஆகியும் இருவருக்கும் வேலை கிடைக்கவில்லை. அவள் ஊரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் ஆனாள். நான் விமான நிலையத்துக் கவுண்டரில் நின்று அடுத்தவர் பெட்டிகளை எடை போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வளைகுடாவிலுள்ள ஒரு விமான நிறுவனத்திலிருந்து இருவருக்கும் ஒரே நாளில் கடிதம் வந்தது. எழுத்துத் தேர்வில் தேறிவிட்டீர்கள், இனி சிமுலேட்டரில் ஓட்டிக் காட்ட வேண்டும், விரும்பினால் இருவரும் ஜோடியாக வரலாம் என்று.

சிமுலேட்டர் என்பது விமானத்தின் காக்பிட்டை அப்படியே ஒரு பெரிய பெட்டிக்குள் வைத்து, ஆட்டுவதற்குக் கால்கள் பொருத்திய இயந்திரம். ஜன்னலில் வானம் தெரியும். ஓடுபாதை தெரியும். பின்னால் தேர்வாளர் உட்கார்ந்திருப்பார். அவர் ஒரு பொத்தானைத் தொட்டால் என்ஜின் நின்றுவிடும். ஒருத்தி ஓட்ட வேண்டும், மற்றவள் கருவிகளைக் கவனித்துத் தவறு வந்தால் உடனே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு இடம் மாற வேண்டும். ஓட்டுவதற்கு எவ்வளவு மதிப்பெண்ணோ, சொல்வதற்கும் அவ்வளவு மதிப்பெண்.

என் பிரச்சினை அந்தச் சொல்வதில்தான் இருந்தது. முந்தைய வருடம் வேறொரு நிறுவனத்தின் தேர்வில், முன்பின் தெரியாத ஒரு பையனுடன் என்னை உட்கார வைத்தார்கள். அவன் அனுமதிக்கப்பட்ட உயரத்துக்குக் கீழே இறங்கிக்கொண்டே போனான். எனக்கு நன்றாகத் தெரிந்தது. அவனே கவனித்துக்கொள்வான், நாம் வேறு சொல்லி அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று இருந்துவிட்டேன். இருவருக்கும் வேலை கிடைக்காமல் போயிற்று. என் தாளில் தேர்வாளர் எழுதியிருந்தது ஒரே வரி: "பார்த்தார், சொல்லவில்லை."

ஜமீலாவுக்கு இந்தக் கதை தெரியும். தெரிந்தும் என்னைத்தான் ஜோடியாகக் கேட்டிருந்தாள். "ஒரு வாரம் முன்னாடியே எங்க வீட்டுக்கு வந்துரு. ஒன் வாயத் தொறக்க வைக்கது என் பொறுப்பு" என்றாள்.

திங்கள்கிழமை மதியம் தென்காசியில் இறங்கியபோது வெயிலும் இல்லை, மழையும் இல்லை. சாரல். முகத்தில் யாரோ ஈரத் துணியை உதறுகிற மாதிரி இருந்தது. பினாங்கில் மழை என்றால் வாளியைக் கவிழ்த்ததுபோல் கொட்டிவிட்டு நின்றுவிடும். இங்கே அது வேலைக்கு வந்தவர் போல நாள் முழுக்க நிதானமாக இருந்தது.

ஜமீலாவின் உம்மா வாசலிலேயே என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அவள் வாப்பா சவுதியில் பதினெட்டு வருடம் டிரெய்லர் ஓட்டிவிட்டு ஊர் திரும்பி, இப்போது ஒரு பழைய ஆம்னி வேனை வாடகைக்கு ஓட்டுகிறார். "பினாங்கா? எங்க பெரியவாப்பா அங்கனதான் கட வச்சிருந்தாரு" என்றார். அடுத்த ஆறு நாளில் இதே வாக்கியத்தை நான்கு வெவ்வேறு ஆட்களிடம் கேட்டுவிட்டேன். இந்த ஊரில் பாதிப் பேருக்கு பினாங்கில் ஒரு பெரியவாப்பா இருந்திருக்கிறார்.

சாப்பிட்டதும் ஃபிளெக்ஸ் கடைக்குப் போனோம். காக்பிட்டில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கை தானாகப் போய்ப் பழக வேண்டும். அதற்கு ஆள் உயரத்தில் ஒரு படம் தேவை. பேனர் அடிக்கும் அண்ணாச்சி ஜமீலாவின் பென் டிரைவைச் செருகிவிட்டு, "என்ன விசேசம்? கல்யாணமா, காதுகுத்தா?" என்று கேட்டார்.

"ரெண்டும் இல்ல அண்ணாச்சி. இத அப்படியே பத்துக்கு ஆறுல அடிச்சுத் தாங்க."

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது என்னது, மைக்செட்டு மிக்சரா?"

"பிளேன் ஓட்டுத எடம்."

"யாரு ஓட்டுதா?"

ஜமீலா தன்னையும் காட்டி என்னையும் காட்டினாள். அண்ணாச்சி இருவரையும் ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "ஏலே, பெரிய மிசின ஆன் பண்ணு" என்று சத்தம் போட்டார்.

மாலையில் ஃபிளெக்ஸ் வந்தது. அளவு கச்சிதம். எழுத்துகள் தெளிவு. ஆனால் மேலே இரண்டு மூலையிலும் காலியாக இருந்த இடத்தை அவரால் சும்மா விட முடியவில்லை. இந்தப் பக்கம் ஒரு ரோஜாக் கொத்து, அந்தப் பக்கம் ஒரு ரோஜாக் கொத்து. "காசு வேண்டாம், அது என் சார்புல" என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாடியில் தகரக் கூரை போட்ட அறையில் அதைச் சுவரோடு கட்டினோம். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் ஸ்டூல் போட்டு ஜமீலாவின் லேப்டாப், அதில் வீட்டில் பழகும் சிமுலேட்டர், பக்கத்தில் ஜாய்ஸ்டிக். உயரமும் வேகமும் லேப்டாப்பில் பார்க்க வேண்டும். பொத்தான்களுக்குச் சுவரைத் தொட வேண்டும். முதல் முறை புறப்பட்டபோது சாரல் தகரத்தில் தாளம் போட்டது.

செவ்வாய்க்கிழமை முதல் ஒரு ஒழுங்கு வந்தது. காலை ஐந்தரைக்கு ஒரு பறப்பு. எட்டு மணிக்கு ஜமீலா பள்ளிக்கூடம் போய்விடுவாள். நான் கையேட்டை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவேன். மாலை ஐந்துக்கு மறுபடி பறப்பு.

அன்று பகலில் காசிவிசுவநாதர் கோயிலுக்குப் போனேன். ராஜகோபுர வாசலில் காலை வைத்ததும் பின்னாலிருந்து ஒரு காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. நாலு எட்டு போவதற்குள் எதிர்க்காற்று முகத்தில் அறைந்தது. துப்பட்டா ஒரு பக்கம், கையேட்டின் தாள்கள் ஒரு பக்கம். பூ விற்கிற அம்மா சிரித்தார். "புதுசா வாரவங்க எல்லாரும் இப்படித்தான் ஆடுவாங்க." நான் அந்த வாசலுக்குள் ஐந்து தடவை போய் வந்தேன். காற்று திசை மாறும் இடத்தைக் காலால் கண்டுபிடிக்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. ஆறாவது தடவை போகும்போது அந்த அம்மா, "என்ன தாயி, நேத்திக்கடனா?" என்றார்.

மாலைப் பறப்பில் ஜமீலா வேண்டுமென்றே இருநூறு அடி கீழே இறங்கினாள். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"ஏட்டி, ஏன் சொல்லல?"

"உனக்கே தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன் லா."

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் இறங்கப் போறேன்? சொல்லு, வாயத் தொற!"

மறுபடி செய்தோம். இந்த முறை சொன்னேன். ஆனால் "கொஞ்சம்... உயரம் பார்க்கிறியா?" என்று, கவுண்டரில் பயணியிடம் பாஸ்போர்ட் கேட்கிற குரலில் சொன்னேன். ஜமீலா ஜாய்ஸ்டிக்கை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதுதான் உம்மா களத்தில் இறங்கினார். தேர்வாளர் எப்போது எதைக் கெடுப்பார் என்று சொல்ல முடியாது என்று ஜமீலா விளக்கிக்கொண்டிருந்தாள். உம்மா கேட்டார்: "அவ்வளவுதான? அத நான் செய்யுதேன்." கோளாறுகளைத் தமிழில் எழுதி ஒரு எவர்சில்வர் டப்பாவில் சீட்டாகப் போட்டோம். இடது என்ஜின் நின்றது. கேபினில் புகை. பயணிக்கு நெஞ்சுவலி. சக்கரம் இறங்கவில்லை. உம்மா எப்போது சீட்டு எடுத்துப் படிக்கிறாரோ அப்போது இருவரும் என்ன வேலையில் இருந்தாலும் அந்தக் கோளாறுக்கு உரிய நடவடிக்கைகளை வரிசையாகச் சொல்ல வேண்டும்.

புதன்கிழமை காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது கதவுக்கு வெளியே, "வலது என்ஜின்ல தீ!" என்று குரல் கேட்டது. வாயில் நுரையோடு ஐந்து நடவடிக்கைகளையும் சொன்னேன். மத்தியானம் வாப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே புகையைக் கிளப்பினார். மாலையில் ஒரு புதுச் சீட்டு வந்தது: "ஓடுபாதைல மாடு."

"உம்மா, இது நாங்க எழுதல!" என்றாள் ஜமீலா.

"நான்தான் எழுதுனேன். இங்கன பஸ் ஸ்டாண்ட்ல நிக்குதுல்லா, அங்கன நிக்காதோ?"

அன்று இரவு வாப்பா எங்களைக் கேரள எல்லையோரக் கடைக்கு பார்டர் பரோட்டா சாப்பிட அழைத்துப் போனார். எங்கள் ஊர் ரொட்டி சானாய்க்கு இது பெரியப்பா வீட்டுப் பிள்ளை. முகஜாடை ஒன்று, குணம் வேறு. அங்கே மெல்லியதாக வீசி, பருப்புக் குழம்பைப் பக்கத்தில் வைத்துத் தருவார்கள். இங்கே உள்ளங்கை அளவுதான். அடித்து நொறுக்கி, அடுக்கடுக்காகப் பிரித்து, இலையில் போட்டு, நாம் கேட்பதற்கு முன்னாலேயே சால்னாவை ஊற்றி மூழ்கடித்துவிடுகிறார்கள். கூடவே மிளகு போட்ட கோழி வறுவல். மூன்றோடு நிறுத்தப் பார்த்தேன். பரிமாறியவர், "மூணுலயா எந்திரிக்க? சாப்பாடு புடிக்கலையோ?" என்று மனம் உடைந்த குரலில் கேட்டார். ஆறு சாப்பிட்டேன்.

வியாழக்கிழமை ஜமீலா பள்ளியில் லீவு சொல்லிவிட்டாள். மினிபஸ்ஸில் குற்றாலம் போனோம். பஸ்ஸில் டிரைவருக்கு இடதுபுறம் என்ஜின் மூடியின்மேல் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் நானும் ஒருத்தி. மெயின் அருவியில் தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. போலீஸ் விசில் ஊதி எல்லாரையும் மேலே ஏற்றிவிட்டார்கள். துண்டோடு வந்த கூட்டம் துண்டோடு நின்று பார்த்தது. யாரும் கோபப்படவில்லை. பார்ப்பதே போதும் என்கிற மாதிரி தண்ணீர் விழுந்தது.

ஐந்தருவிக்குப் போகும் வழியில் பழக்கடைகள். தட்டில் மங்குஸ்தானும் ரம்புத்தானும் குவித்திருந்தார்கள். "வாங்கக்கா, மலைப்பழம். வேற எங்கயும் கெடைக்காது" என்றார் ஒருவர். எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே ரம்புத்தான் மரம் நிற்கிறது. போட்டி போட்டுக்கொண்டு அணில்தான் தின்னும். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு அரைக்கிலோ வாங்கினேன். மலைக்குளிரில் இருந்து வந்ததாலோ என்னவோ, எங்கள் வீட்டுப் பழத்தைவிட நன்றாகவே இருந்தது. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் வரிசை. உள்ளே நுழைந்ததும் தண்ணீர் தலையில் விழுந்தது என்று சொல்லக் கூடாது. யாரோ கும்பலாக ஏறி மிதித்தார்கள். ஒரு கணம் மூச்சு நின்றது. அடுத்த கணம் உடம்பில் இருந்த அத்தனை பயமும் காலடியில் ஓடுகிற மாதிரி ஒரு குதூகலம். நான் ஊளையிட்டேன். எல்லாரும்தான் ஊளையிட்டார்கள்.

ஜமீலா என் காதருகே வந்து கத்தினாள். "இந்தச் சத்தத்துல எனக்குக் கேக்கணும். சொல்லு!"

"என்னது?"

"நான் ஓட்டுதேன். வேகம் கொறையுது. சொல்லுட்டி!"

"ஸ்பீடு!" என்றேன்.

"கேக்கல!"

"ஸ்பீடு!"

"கேக்கவே இல்ல!"

"ஸ்பீடு!" என்று வயிற்றிலிருந்து ஒரு கத்து கத்தினேன். பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி பயந்து விலகி, "என்னம்மா ஸ்பீடு? தண்ணி கூடுதோ?" என்று தன் பிள்ளைகளைப் பிடித்து இழுத்தார். அவர் சொன்னதைக் கேட்டு இன்னும் நாலு பேர் வெளியே ஓடினார்கள். நாங்களும் பேசாமல் வெளியே வந்துவிட்டோம்.

அன்று மாலையும் வெள்ளிக்கிழமையும் நான் ஒரு தவறையும் விடவில்லை. உயரம், வேகம், திசை, எது பிசகினாலும் சொன்னேன். தயாராகிவிட்டேன் என்றே நம்பினேன்.

சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு வாப்பாவின் ஆம்னியில் திருவனந்தபுரத்துக்குக் கிளம்பினோம். இரவு எட்டு மணிக்கு விமானம், ஞாயிறு காலையே தேர்வு. உம்மா வாசலில் நின்று கடைசிச் சீட்டை எடுத்துப் படித்தார். "இடது என்ஜின் நின்றது" என்று வந்தது. சொல்லிவிட்டுத்தான் ஏற முடிந்தது.

நான் முன்னால், வாப்பாவுக்குப் பக்கத்தில். ஜமீலா பின்னால் குறிப்புகளில் தலையைப் புதைத்திருந்தாள். செங்கோட்டை தாண்டி, புளியரையில் மலை ஏறத் தொடங்கியதும் மழை பிடித்தது. வாப்பா சவுதியில் பாலைவனத்தில் மணற்புயலில் மாட்டிய கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். அருமையாகச் சொன்னார். அப்போது டேஷ்போர்டில் வெப்பத்தைக் காட்டும் முள் நடுவை விட்டு ஏறியதைப் பார்த்தேன். ஆம்னியில் முன் சீட்டுக்கு அடியில்தான் என்ஜின். சூடு தொடைக்கு வந்தது. எஸ் வளைவில் முள் சிவப்பைத் தொட்டது.

பதினெட்டு வருடம் டிரெய்லர் ஓட்டியவர். அவர் வண்டி. என் தோழியின் தகப்பனார். கதை வேறு முக்கியமான கட்டத்தில் இருந்தது. அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

கோட்டைவாசலுக்குக் கொஞ்சம் முன்னால் சீட்டுக்கு அடியிலிருந்து ஆவி சீறியது. வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

வாப்பா இறங்கிப் பார்த்தார். ரேடியேட்டர் குழாய் வெடித்திருந்தது. "முள்ளப் பாக்காம விட்டுட்டனே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஜமீலா என் பக்கம் திரும்பினாள்.

"ரேணு, நீ முன்னாலதான இருந்த. முள்ளு ஏறுனதப் பார்த்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பார்த்தேன்" என்றேன். "அஞ்சு நிமிசமா பார்த்தேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. "நாளைக்கு என் பக்கத்துல இதே மாதிரிதான் இருக்கப் போற, இல்ல?" என்றாள். அவ்வளவு மெதுவாக அவள் பேசி நான் கேட்டதில்லை. மழையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரோட்டோரம் போய் நின்றாள்.

வாப்பாதான், "அந்தப் புள்ளய ஏன் ஏசுதே? வண்டி ஓட்டுனது நாந்தான?" என்றார். அது எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

ஒரு மணி நேரம் போயிற்று. டாக்சிக்குப் போன் செய்தால் யாரும் மழையில் வரத் தயாராயில்லை. பஸ் இரண்டு, நிற்காமல் போயின. மூன்றரை மணிக்கு ஒரு காய்கறி லாரி மெதுவாக ஏறி வந்தது. வாப்பா ரோட்டின் நடுவில் போய்க் கையை விரித்து நின்றுவிட்டார். டிரைவர் பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து திருவனந்தபுரத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். மாரியப்பன் என்று பெயர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஏறுங்க. ஆனா ஒண்ணு. கிளீனர் இன்னிக்கு வரல. வழி பூரா வளைவு. இடது பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியாது. ஒரு ஆளு பாத்துச் சொல்லிட்டே வரணும்" என்றார்.

வாப்பா வேனோடு நின்றுகொண்டார். ஜமீலா என்னைப் பார்க்காமல் நடுவில் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னல் ஓரம் எனக்கு விட்டிருந்தாள்.

கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினேன். மழை முகத்தில் குத்தியது. இடது பக்கம் சரிவு, காடு, கீழே எங்கோ ஆறு. எதிரே மரம் ஏற்றிய லாரிகளும் சுற்றுலா பஸ்களும் வந்துகொண்டிருந்தன. முதல் வளைவில் என் குரல் எழும்பவில்லை. "அண்ணாச்சி, கொஞ்சம் வலது..." என்று தொடங்கினேன்.

"கொஞ்சம் கிஞ்சமெல்லாம் எனக்குக் கேக்காதும்மா! எடம் இருக்கா இல்லையா, ஒரே வார்த்த!"

"இருக்கு!" என்றேன். "இருக்கு... இருக்கு... வலது! வலது!"

அவர் ஒடித்தார். அடுத்த வளைவு. அடுத்தது. தென்மலை தாண்டுவதற்குள் என் தொண்டை கட்டிவிட்டது. குளத்துப்புழைக்கு முன்னால் ஒரு திருப்பத்தில், எதிரே பஸ் வந்ததால் மாரியப்பன் அண்ணாச்சி இடது ஓரம் ஒதுங்கினார். ஓரத்தில் மண் கரைந்து, தார் மட்டும் அந்தரத்தில் நின்றது. அதைப் பார்த்ததும் யோசிக்கவில்லை.

"நிப்பாட்டுங்க!"

லாரி அப்படியே நின்றது. பின்னால் தக்காளிப் பெட்டிகள் முட்டிக்கொண்டன. எதிரே வந்த பஸ் டிரைவர் மலையாளத்தில் எதையோ சொல்லித் திட்டிக்கொண்டே உரசாமல் போனார். அண்ணாச்சி என் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார். முன் சக்கரத்துக்கும் கரைந்த இடத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. பிறகு இருக்கையில் ஏறி உட்கார்ந்து, "சரி, பின்னால பாத்துச் சொல்லும்மா" என்றார்.

ஜமீலா என் மடியிலிருந்த கையை எடுத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். திருவனந்தபுரம் வரும்வரை விடவில்லை.

ஆறே முக்காலுக்கு விமான நிலைய வாசலில் காய்கறி லாரியிலிருந்து இரண்டு பெண்கள் தள்ளுபெட்டிகளோடு குதித்ததைப் பாதுகாப்புக் காவலர் வாய் பிளந்து பார்த்தார். எங்கள் மேல் கொத்தமல்லி வாசனை அடித்தது. டிக்கெட்டை இரண்டு முறை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே விட்டார்.

மறுநாள் காலை, வளைகுடாவில் அந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தபோது வெளியே வெயில் கண்ணைக் குத்தியது. உள்ளே ஃபிரிட்ஜ் மாதிரி குளிர். வெள்ளைப் பெட்டி தன் கால்களில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும் என் கை தானாக மேலே போய்ச் சரியான பொத்தானைத் தொட்டது.

முதலில் என் முறை. தரையை விட்டு எழும்பி நூறு அடிகூட ஆகவில்லை, இடது என்ஜின் நின்றது. கால் பெடலை அழுத்திப் பிடித்து விமானத்தின் மூக்கை நேராக்கினேன். நேராகத்தான் பறந்தேன். ஜமீலா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சுற்றி வந்து இறக்கினேன்.

அடுத்து ஜமீலா. மேகம் தாழ இருந்தது. பக்கவாட்டுக் காற்று. கருவிகளை மட்டும் பார்த்து ஓடுபாதையை நோக்கி இறங்க வேண்டும். பாதி வரை அழகாக வந்தாள். பிறகு வேகம் குறைந்தது.

"ஸ்பீடு" என்றேன். திருத்தினாள்.

திருத்திய வேகத்தில் விமானம் இறங்கும் சரிவை விட்டு மேலே போய்விட்டது. "கிளைடு ஸ்லோப்" என்றேன். அவள் மூக்கைக் கீழே அழுத்தினாள். இப்போது வேகம் அளவுக்கு மேல் போனது. மேகம் விலகியது. எதிரே ஓடுபாதை. விளக்குகள் அத்தனையும் தெரிந்தன. இதோ இருக்கிறது, தொட்டுவிடலாம் போல. அவள் கைகளைப் பார்த்தேன். அந்த வேகத்திலேயே இறக்கிவிடப் போகிறாள். இறக்கினால் நன்றாக முடிந்தாலும் முடியலாம். அவளுடைய இரண்டு வருடம் அந்த ஓடுபாதையில் கிடந்தது. எனக்கு என்ன உரிமை?

"கோ அரவுண்ட்!" என்றேன். இறங்காதே, மேலே ஏறு என்று அர்த்தம்.

என் குரல் அந்தச் சிறிய பெட்டிக்குள் எதிரொலித்தது. ஜமீலா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. விசையை முழுக்கத் தள்ளினாள். ஓடுபாதை காலடியில் நழுவிப் பின்னால் போயிற்று. மறுபடி மேகம்.

இரண்டாவது முறை சுத்தமாக இறக்கினாள்.

விளக்குகள் எரிந்தன. தேர்வாளர் ஒரு ஐரிஷ்காரர். சிரிக்காத முகம். ஜமீலாவிடம் கேட்டார்: "முதல் முறை உங்களுக்கு ஓடுபாதை தெரிந்தது. ஏன் மேலே ஏறினீர்கள்?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவள் சொன்னாள்" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவர் எதையோ எழுதினார். நன்றி என்றார். எங்களை வெளியே அனுப்பிவிட்டார். நடையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு தேநீர் குடித்தோம். "நான் உன் தேர்வைக் கெடுத்துட்டேனா?" என்று கேட்டேன். "தெரியாதுட்டி" என்றாள். "ஆனா நீ கத்துன பாரு, அந்த ஆளு பேனாவக் கீழ போட்டுட்டாரு. நான் கண்ணாடில பார்த்தேன்." அதற்குப் பிறகு இருவருக்கும் சிரிப்பை நிறுத்த முடியவில்லை.

பதினோராம் நாள் காலை, பட்டர்வொர்த்தில் கவுண்டர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். மின்னஞ்சல் வந்தது. முதல் வரியைப் படித்ததும் சட்டையில் ஒரு கை நுழைந்தும் நுழையாமலும் தெருவுக்கு ஓடினேன். போன் அடித்தது. மறுமுனையில் தென்காசியே கத்திக்கொண்டிருந்தது. உம்மா, வாப்பா, பக்கத்து வீடு, எல்லாம் சேர்ந்து. ஜமீலா மாடிக்கு ஓடிப்போய் மூச்சு வாங்கினாள்.

"ரெண்டு பேருக்கும், ரேணு! ரெண்டு பேருக்கும்!"

கொஞ்ச நேரம் இருவரும் சேர்ந்து கத்தினோம். அடங்கியபோதுதான் எனக்கு அது தோன்றியது. இருவரும் துணை விமானிகளாகத்தான் சேர்கிறோம். ஒரு காக்பிட்டில் இடது பக்கம் ஒரு கேப்டன், வலது பக்கம் ஒரு துணை விமானி. இனி அவள் ஒரு விமானத்தில் இருப்பாள், நான் வேறொன்றில். எங்களில் ஒருத்தி கேப்டன் ஆகும்வரை, எத்தனை வருடமோ, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பறக்க முடியாது.

இதை அவளிடம் சொன்னேன். அந்தப் பக்கம் தகரத்தில் மழை விழுவது கேட்டது.

"அப்பம் நாந்தான் மொதல்ல கேப்டன் ஆவேன்" என்றாள் ஜமீலா. "நீ வலது பக்கம் வந்து உக்காரு. வாய மட்டும் மூடிராத."